பழைய ஏபிஎஸ் பம்ப் வாங்கி மாட்டலாமா? விளக்கு அணைந்தால் மட்டும் போதாது

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ‘ஏபிஎஸ்’ விளக்கு எரிகிறது. வண்டி வழக்கம்போல ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று பத்து நாள் ஓட்டிவிட்டு வொர்க்‌ஷாப்பில் விட்டால், ‘பம்ப் போயிருச்சு சார், யூனிட்டையே மாத்தணும்’ என்று சொல்கிறார்கள். ஷோரூமில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அடுத்த யோசனை தானாகவே வருகிறது: ‘புதுப்பேட்டைல ஒரிஜினல் பழசு கிடைக்குமே!’

கிடைக்கும்தான். அப்படி வாங்கி மாட்டி நன்றாக ஓடும் கார்களும் உண்டு. ஆனால் இது கதவுக் கண்ணாடியோ, ஹெட்லைட்டோ இல்லை. மாட்டியதில் தவறு இருந்தால் அது மழை நாளில், முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும்போதுதான் தெரியவரும்.

இந்தியாவில் புதிய கார் மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், விற்பனையில் இருந்த எல்லா கார்களுக்கும் 2019 ஏப்ரலிலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முன் பல சின்ன கார்களில் விலை கூடிய வேரியன்ட்டில் மட்டுமே இது இருந்தது. 2019ல் வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவருகிறது. இந்தக் கேள்வி இனி அடிக்கடி வரப்போகிறது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எல்லோரும் ‘பம்ப்’ என்று சொன்னாலும் அது மூன்று பொருள்கள் சேர்ந்த ஒரு யூனிட். நடுவில் சின்ன டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியக் கட்டி. அதற்குள் வால்வுகள் இருக்கின்றன. சாதாரண நான்கு சேனல் ஏபிஎஸ்ஸில் சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வால்வு. இஎஸ்பி உள்ள கார்களில் பொதுவாகப் பன்னிரண்டு. கட்டியின் ஒரு பக்கம் மோட்டாரும் பம்ப்பும். மறுபக்கம் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் மின்னணுப் பலகை, அதாவது இசியு.

அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சுழலாமல் பூட்டிக்கொண்டால், அந்தச் சக்கரத்தின் சென்சார் காட்டிக்கொடுக்கும். உடனே உள்ளே போகும் வால்வு மூடும், வெளியேறும் வால்வு திறக்கும். அந்தச் சக்கரத்தில் அழுத்தம் குறைந்து அது மறுபடி சுழலும். வெளியேறிய பிரேக் ஆயிலை பம்ப் திரும்ப மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தள்ளும். காலுக்கடியில் பெடல் ‘டரடர’வென்று உதறுவது இதனால்தான். நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்த வேலையால்தான் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீரிங்கைத் திருப்பி ஒதுங்க முடிகிறது. 1978ல் பாஷ் நிறுவனம் மெர்சிடஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் மின்னணு ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. அப்போதிருந்து யூனிட் சிறியதாகிக்கொண்டே வந்திருக்கிறது, அடிப்படை வேலை மாறவில்லை.

யூனிட் செயலிழந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். அதை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் விளக்கோடு ஓட்டுகிறார்கள். மஞ்சள் விளக்கோடு சேர்ந்து சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. முதலில் பிரேக் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் இபிடியும் போயிருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் கடுமையாகப் பிரேக் அடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடலாம். இரண்டு விளக்கும் எரியும் வண்டியை வேகமாக ஓட்டவே கூடாது.

பம்ப்தான் பழுதா?

காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலே பம்ப் போய்விட்டதாக அர்த்தமில்லை. சக்கரத்தில் இருக்கும் சென்சார், அதன் வயர், துருப்பிடித்த பல்சக்கர வளையம், பியூஸ், எர்த் கனெக்‌ஷன், ஏன், வலுவிழந்த பேட்டரிகூட இதே விளக்கை எரியவைக்கும். சமீபத்தில் வீல் பேரிங் மாற்றிய வண்டி என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பல கார்களில் பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்த வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. பழி பம்ப் மேல் விழும்.

ஸ்கேனரில் வரும் கோடு எதைச் சொல்கிறது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ‘மோட்டார் சர்க்யூட்’ பற்றிய கோடு என்றால்கூட யூனிட்டின் கனெக்டருக்கு 12 வோல்ட் முழுதாக வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. எலி கடித்த ஒரு வயருக்காக யூனிட்டையே மாற்றிய கூத்தெல்லாம் நடக்கத்தான் செய்கிறது.

யூனிட்தான் பழுது என்று உறுதியானாலும் இன்னொரு வழி இருக்கிறது. பழுது பெரும்பாலும் இசியு பலகையில், சால்டர் விட்டுப்போன இடத்தில் இருக்கும். சில கார்களில் பிரேக் பைப்பைத் தொடாமலே இசியுவை மட்டும் கழற்றி, பலகை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துச் சரிசெய்ய முடியும். ஆயில் சிந்தாது, ஏர் எடுக்க வேண்டியதில்லை, கோடிங் பிரச்சினை இல்லை. கார் நிறுவனங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு யூனிட்டை மாட்டுவதைவிட, தெரிந்த யூனிட்டின் தெரிந்த பழுதைச் சரிசெய்வது பல நேரங்களில் மேல்.

‘அதே மாடல்தான் சார்’ போதுமா?

போதாது. வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு யூனிட்டுகளின் உள்ளே மென்பொருள் வேறாக இருக்கலாம். இஎஸ்பி உள்ளது, இல்லாதது, டீசல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். இசியுவுக்கு ஓர் எண், அலுமினியக் கட்டிக்கு ஓர் எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். தன் வண்டியில் உள்ள ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் சரி. ஒரு எழுத்து மாறினாலும், புதிய எண் பழைய எண்ணுக்கு மாற்றாக வந்ததுதானா என்று ஷோரூமின் பார்ட்ஸ் கவுன்டரில் விசாரித்துவிட வேண்டும்.

அடுத்தது, அந்த யூனிட் எந்த வண்டியிலிருந்து வந்தது? முன்பக்கம் மோதி உடைந்த காரில் இருந்து எடுத்ததென்றால் எச்சரிக்கை தேவை. பல கார்களில் இந்த யூனிட் இன்ஜின் அறையில்தான் இருக்கிறது. மோதலில் இசியுவின் பிளாஸ்டிக் உறையில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் ஈரம் உள்ளே போகும். பின்பக்கம் அடிபட்ட வண்டி என்றால் நிம்மதி.

அதைவிட மோசம் வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டிகளின் பாகங்கள் பின்னால் சந்தைக்கு வரும்போது துடைத்துப் பளபளப்பாகத்தான் இருக்கும். கனெக்டரின் பின்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால், அல்லது திருகுகளின் பள்ளத்தில் காய்ந்த சேறு தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வரலாம்.

பைப் மாட்டும் துளைகளையும் பார்க்க வேண்டும். கழற்றிய அன்றே பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்து வைத்திருந்தால் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம். திறந்தபடி மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் தூசியும் ஈரமும் உள்ளே போயிருக்கும். மணல் துகள் ஒன்று வால்வு உட்காரும் இடத்தில் சிக்கினாலே போதும், அது முழுதாக மூடாது.

வாங்கும்போது பில் அவசியம். அதில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். ‘போட்டுப் பார்த்து ஓடலைன்னா எடுத்துக்குறோம்’ என்ற வாய்வார்த்தை எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் வர வேண்டும். திருட்டு வண்டிப் பாகம் என்ற வில்லங்கத்தில் இருந்தும் அந்தத் துண்டுச் சீட்டுதான் காப்பாற்றும்.

மாட்டும் இடத்தில்தான் சிக்கல்

புதிய யூனிட்டுகள் பல, உள்ளே பிரேக் ஆயில் நிரப்பியே வருகின்றன. பழையதில் அது வடிந்துபோய்க் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்று, சாதாரணமாக மூடியே இருக்கும் வால்வுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். பெடலை மிதித்து நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கும் வழக்கமான முறையில் அது வெளியே வராது. பெடலும் முதலில் கெட்டியாகவே இருக்கும். பிறகு ஒருநாள் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பதுங்கியிருந்த காற்று பிரேக் லைனுக்குள் வந்து பெடல் பஞ்சுபோல அமுங்கும். ஸ்கேனர் மூலம் மோட்டாரை ஓடவிட்டு, வால்வுகளைத் திறந்து மூடி ஏர் எடுக்கும் வசதி உள்ள இடத்தில்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். ‘ஸ்கேனர்ல ஏபிஎஸ் பிளீடிங் பண்ணுவீங்களா அண்ணே?’ என்று முதலிலேயே கேட்டுவிடலாம். பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பழைய பிரேக் ஆயிலை அப்படியே விடவும் கூடாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நீர் சேர்ந்த நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். அந்த ஈரமே வால்வுகளையும் அரிக்கிறது. முதல் யூனிட் கெட்டதற்குக் காரணமே வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலாக இருக்கலாம்.

இசியு மாறுவதால் கோடிங் வேலையும் உண்டு. சில கார்களில் பழைய யூனிட் தான் பிறந்த வண்டியின் சேஸிஸ் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். இஎஸ்பி இருந்தால் ஸ்டீரிங் கோண சென்சாரையும் புதிதாகப் பழக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே ‘பழசு லாபமா’ என்று கணக்குப் போட வேண்டும். சில மாடல்களில் வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

எல்லாம் முடிந்து விளக்கு அணைந்துவிட்டது. ‘ஓகே சார், எடுத்துட்டுப் போங்க’ என்கிறார்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. இசியு தன் மின்சுற்றுகளைத்தான் சோதிக்கிறது: வால்வின் காயில் அறுந்திருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று. வால்வு ஒழுகாமல் மூடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. இடது சக்கரப் பைப்பை வலதின் துளையில் மாற்றி மாட்டியிருந்தாலும் விளக்கு எரியாது. பூட்டிக்கொள்வது ஒரு சக்கரம், அழுத்தம் குறைவது வேறு சக்கரத்தில். வண்டி நேராகப் போகும் வரை யாருக்கும் இது தெரியாது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஸ்கேனரில் ‘முன் இடது’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். அந்தச் சக்கரம் மட்டும் கையால் சுற்றினால் சுழல வேண்டும், மற்ற மூன்றும் பூட்டியே இருக்க வேண்டும். இப்படி நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. கூடவே, இன்ஜினை ஓடவிட்டு பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத மண் தரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அழுத்தமான பிரேக். பெடல் உதற வேண்டும், வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

இன்னொன்று. ‘பழைய யூனிட்டைக் கொடுத்துட்டா கொஞ்சம் குறைச்சுக்குறேன்’ என்று கடையில் கேட்பார்கள். சில வாரங்கள் வண்டி பிரச்சினையில்லாமல் ஓடும் வரை அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது. வாங்கியது சரிப்படாமல் போனால், ரிப்பேருக்குக் கொடுக்கவும் பார்ட் நம்பரைச் சரிபார்க்கவும் அந்த வண்டிக்கே உரிய கோடிங்கைப் படித்தெடுக்கவும் கையில் இருப்பது அது ஒன்றுதான்.