அழித்த படம் எங்கே போகிறது?

போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. பத்தாவது படிக்கும் என் பிள்ளை பழைய காமிராவை எடுத்து நோண்டியிருக்கிறான். கார்டில் இடமில்லை என்று வந்ததாம். துரை எதையோ அழுத்தி 'ஃபார்மட்' செய்துவிட்டு, கொல்லையில் ஓடிய அணிலை நாலைந்து படம் வேறு எடுத்துத் தள்ளிவிட்டான்!

அந்தக் கார்டில்தான் என் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. மாமியார் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. விஷயம் தெரிந்ததும் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் ஓடினேன். "ஃபார்மட் ஆனப்புறம் இதுல படம் எடுத்தீங்களாக்கா?" என்றார். அணில் கதையைச் சொன்னேன். "நல்லவேளை, அதோட நிறுத்தினீங்க."

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். பருப்பு டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டால், உள்ளே இருக்கும் பருப்பு எங்கே போகும்? மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் 'டெலிட்' என்பது இந்தச் சீட்டுக் கிழிக்கிற வேலைதான். காமிராவில் செய்யும் ஃபார்மட்டும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த இடத்தில் வேறொன்றைக் கொட்டினால்தான் பழையது போகும். அதனால் தவறி அழித்துவிட்டால் உடனே கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். மீட்டெடுப்பதையும் அதே கார்டில் சேமிக்கக்கூடாது. ரெகுவா, ஃபோட்டோரெக் என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் கடைக்கே போக வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் படங்கள் வர ஆரம்பித்தன. பட்டுப்புடவையில் மாமியாரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. காமிராவுக்கு வருமுன் அந்தக் கார்டு என் செல்போனில் இருந்தது. என்றோ நான் அழித்த ஆதார் அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், பாங்க் ரகசிய எண் எழுதிய டைரித்தாள், என் பெண் குழந்தையாய்க் குளிக்கிற படம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வெலவெலத்துவிட்டது.

2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றி என் பெண் சொன்னாள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்களாம். வேலை செய்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12தான்!

அப்போதுதான் சுருக்கென்றது. அதற்கும் முந்தைய வருஷம், சைக்கிளில் வந்தவரிடம் பழைய போனைக் கொடுத்துப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேனே! கார்டைக் கழற்றினேனா? இல்லை. அது இன்று யார் கையிலோ. அன்றே பாங்க் ரகசிய எண்ணை மாற்றினேன். ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைத்தேன். முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதார் நகலும் அங்கே கிடைக்கிறது. இப்போது கேட்கிற இடத்தில் அதைத்தான் கொடுக்கிறேன். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டுமாம். அந்த எண்ணையும் காலண்டரில் எழ்தி வைத்திருக்கிறேன்.

கார்டையோ பென் டிரைவையோ பிறருக்குக் கொடுப்பதானால், கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யும்போது 'குயிக் ஃபார்மட்' கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பழையதன் மேல் புதிதாக எழுதிவிடும். தூக்கிப் போடுவதென்றால் கட்டிங் பிளேயரால் துண்டாக்கிவிடுவதே மேல். ரிப்பேர் கடையில் படங்களை மீட்கக் கொடுத்தால், வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த அவசரம் வேண்டாம்.

அணில் படங்கள் விழுந்த இடத்தில் இருந்தவை போனது போனதுதான். ஒரு படம் மட்டும் பாதி வந்தது. மாமியார் முகம் தெளிவாக இருக்கிறது. கீழே வெறும் சாம்பல் நிறம். அதையும் இவர் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார்.