ஏலமலையிலிருந்து இறங்கிய பிறகு கூடட்டும் பகுதி சபா

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் கூலி வேலைக்குப் போகிறார்கள். களை பறிப்பதும் காய் எடுப்பதும் இவர்கள் கைதான். தலித் பெண்கள் இவர்களில் கணிசம். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

இவர்கள் தெருவுக்குச் சாக்கடை வேண்டுமா, விளக்கு வேண்டுமா, கழிப்பறை எங்கே வேண்டும் என்று இவர்களிடமே கேட்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்கு எதுவும் இல்லை என்ற குறை நீண்ட காலம் இருந்தது. 2022இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபா விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதல்வரே கலந்துகொண்டார். அந்தப் பகுதி வாக்காளர் எவரும் இதில் பேசலாம். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு பற்றிய குறைகளைச் சொல்லலாம். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று கேட்கலாம். 33 வார்டுகள் கொண்ட போடி நகராட்சிக்கும் இந்த விதி பொருந்தும்.

ஆனால் கூட்டம் பகலில் நடந்தால் யார் வருவார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தோட்டத் தொழிலாளி வர முடியாது. ஊரில் இருப்பவர்களும் ஓய்வாக இருப்பவர்களும் வருவார்கள். தீர்மானம் அவர்கள் பெயரில் எழுதப்படும். கையெழுத்துப் போடாத தெரு, எதுவும் கேட்காத தெருவாகிவிடும்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. கிராம சபைகள் தேவைகளைச் சொல்லின. அங்கே உழைக்கும் நம் பெண்களுக்கு அங்கே வாக்கு இல்லை. வாக்கு இருக்கும் இங்கே, கூட்டம் நடக்கும் நேரத்தில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் வாயில்லாமல் போகிறது.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதைத் திருச்சி காட்டியிருக்கிறது. அங்கே குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளை, கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, அப்பகுதிப் பெண்கள் குழுக்களே ஏற்று நடத்தினார்கள். சிறு கட்டணம் வாங்கி, கணக்கு எழுதி, துப்புரவு பார்த்தார்கள். பெரியவர்களுக்கான கழிப்பறையைக் கண்டு குழந்தைகள் பயப்படுவது தாய்மார்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கென்று தனிச் சிறு கழிப்பறைகளும் வந்தன. 2002இல் கல்மந்தை, திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது.

ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு இன்று நிதி ஒதுக்கீடு இல்லாமல் இல்லை. 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிட அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் 2023இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. பணம் வந்தாலும், வாய்க்கால் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எந்த முக்கில் இருட்டு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். நம் கருத்தை வேறொருவர் எடுத்துச் சொன்னால் போதாது, நம் ஆளே அங்கே இருக்க வேண்டும் என்று 1919இல் சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் வாதாடினார். நூறாண்டு கடந்தும் ஒரு வார்டு கூட்டத்துக்கு அதே வாதம் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பகுதி சபா இரவு 7 மணிக்கு மேல் கூடட்டும், அல்லது தோட்ட வேலை இல்லாத நாளில் கூடட்டும். எல்லாச் சாதியினரும் தயங்காமல் நுழையும் இடத்தில், முடிந்தால் தலித் தெருவிலேயே, கூடட்டும். குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைக் குடியிருப்புகளின் கிராம சபைக்கும் இதே கணக்குதான்: நடந்து வர வேண்டியவர்களின் தூரத்தை முதலில் பார்க்க வேண்டும். போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்பதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

கட்டி முடித்த வேலையைச் சோதிப்பதும் மக்கள் கையில் இருக்கட்டும். கழிப்பறையின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, அதிகாலையில் தெருவிளக்கு எரிகிறதா, மழைக்குப் பின் சாக்கடை ஓடுகிறதா என்று அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேர் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு ஒப்பந்ததாரரின் பில் பாஸ் ஆகட்டும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேர் எந்தத் தெருவுக்கு வரும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். குழாயும் விளக்கும் சாக்கடையும் தேரைப்போல் ஆகிவிடக் கூடாது.