கிடாக்குட்டிக்குத் தீவனம்: எடை கூட வேண்டும், வயிறு கெடக் கூடாது

ஆடிக் கிடா வெட்டு, தீபாவளி, பக்ரீத் என்று கிடாவுக்கு விலை ஏறும் நாள்கள் நெருங்கினால், கொட்டிலில் தானியத்தின் அளவும் கூடிவிடுகிறது. சீக்கிரம் எடை ஏற்ற வேண்டும் என்று ரேஷன் அரிசி, மக்காச்சோளம், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு என எது கிடைத்தாலும் வைக்கிறார்கள். சந்தைக்குப் போக வேண்டிய கிடா ஒரே இரவில் வயிறு உப்பிச் சாவதற்கு இந்த அவசரமே பெரும்பாலும் காரணம்.

வளரும் பருவம்

தாயிடம் இருந்து குட்டியைப் பிரிக்கும் 3ஆம் மாதத்தில் இருந்து 6, 7 மாதம் வரை எலும்பும் தசையும் வளர்கின்றன. இப்போது புரதம் முக்கியம். 100 கிலோ அடர்தீவனம் தயாரிக்க, மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 கிலோ போதும். இதில் புரதம் ஏறக்குறைய 18 சதவீதம் இருக்கும். மக்காச்சோளத்தை மாவாக்காமல் குருணையாக உடைத்துச் சேர்க்க வேண்டும்.

குட்டியின் எடையில் 4 சதவீதம் அளவுக்கு உலர் தீவனச் சத்து தேவை. 15 கிலோ குட்டிக்கு இது 600 கிராம். அடர்தீவனம் 200 கிராம், அகத்தி, வேலிமசால் போன்ற தழை 1 கிலோ, காய்ந்த கடலைக்கொடி 200 கிராம் கொடுத்தால் கணக்கு சரியாகும். கம்பு நேப்பியர் புல்லில் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். வெறும் புல்லிலேயே 600 கிராம் சேர வேண்டுமானால் 3 கிலோ தின்ன வேண்டும். அதன் வயிறு அவ்வளவு கொள்ளாது. சூபாபுல் தழையை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கடைசி 2, 3 மாதங்கள்

விற்பனைக்கு முந்தைய இந்தப் பருவத்தில் எரிசக்தி அதிகம் வேண்டும். கலவையில் மக்காச்சோளத்தை 50 கிலோவாகக் கூட்டி, புண்ணாக்கை 15 கிலோவாகக் குறைக்கலாம். மற்றவை அப்படியே இருக்கட்டும். புண்ணாக்குச் செலவும் குறையும். நாளொன்றுக்கு 300 முதல் 350 கிராம் வரை, காலை, மாலை என இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும்.

இந்த அளவை ஒரே நாளில் எட்டக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒரு முறை 50 கிராம் வீதம் கூட்ட வேண்டும். அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் மாவுச்சத்துக்குப் பழக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். திடீரெனத் தானியம் விழுந்தால் வயிற்றில் அமிலம் பெருகும். ஆடு அசைபோடாது, வயிறு உப்பும், நீர்த்த கழிச்சல் போகும், எழ முடியாமல் படுத்துவிடும். உடனே தானியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். காலையில் முதலில் காய்ந்த கொடியையோ தட்டையையோ தின்னவிட்டு, பிறகு அடர்தீவனம் வைப்பது நல்லது.

துள்ளுமாரி நோயும் இப்படித்தான் வரும். தானியம் அதிகம் தின்று கொழுத்த குட்டிதான் முதலில் விழும். தீவனத்தைக் கூட்டும் முன்பே தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்திருக்க வேண்டும்.

சிறுநீர்க் கல்

தவிடு, தானியத்தில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. இவற்றையே அதிகம் தின்னும் கிடாக்களுக்கு, குறிப்பாக இளம் வயதில் காயடித்தவற்றுக்கு, சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். ஆடு முக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும், வயிற்றை உதைக்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றி நாளைக் கடத்தினால், சிறுநீர்ப்பை வெடித்து ஆடு இறந்துவிடும். சுண்ணாம்புச்சத்து உள்ள அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி தினமும் சேர வேண்டும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும்.

எப்போது விற்கலாம்?

15 நாளுக்கு ஒரு முறை, காலையில் தீவனம் வைக்கும் முன் தொங்கு தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். உதாரணமாக, ஒரு கிடாவுக்கு நாளொன்றுக்குத் தீவனச் செலவு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 கிராம் எடை கூடினால், 1 கிலோ கூட 120 ரூபாய் ஆகிறது. அதே கிடா 40 கிராம்தான் கூடுகிறது என்றால், 1 கிலோவுக்கு 300 ரூபாய். வயது ஏற ஏறக் கொழுப்புதான் சேரும். அதற்குத் தீவனம் அதிகம் பிடிக்கும்.

1 கிலோ எடை கூட ஆகும் செலவு, உயிர் எடைக்குச் சந்தையில் கிடைக்கும் விலையை நெருங்கிவிட்டால், அந்தக் கிடாவை மேலும் கட்டிவைத்துத் தீனி போடுவதில் லாபம் இல்லை. பண்டிகைக்கு நல்ல விலை உறுதி என்றால் மட்டும் காத்திருக்கலாம். அதுவரை தழையும் கொடியும் கூட்டி, தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, எடை இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.