லாலாங்கும் தருப்பையும்

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. தேயிலைப் பயிருக்குக் களையாகும் புற்களுள் ‘லாலாங்’ குறிப்பிடத்தக்கது. மலாய் மொழியிலிருந்து மலேசியத் தமிழில் புகுந்த இப்பெயர் குறிப்பது, இம்பெரட்டா சிலிண்டிரிக்கா என்னும் பல்லாண்டுப் புல்லாகும். இது மலேசியாவிற்கும் தமிழகத்திற்கும் இயல்பாக உரியது.

இதன் இலைவிளிம்பு கூரியது. வெண்பஞ்சுக் கதிரின் விதைகள் காற்றில் பரவும். வெட்டினும் எரிப்பினும் மண்ணுள் படரும் மட்டநிலத்தண்டு மீண்டும் துளிர்க்கும். ஆனால் இது நிழல் தாங்காது. தேயிலைச் செடிகள் கவிந்து மூடியதும் நலிவுறும். ஆதலின் இளங்கன்றுப் பருவத்திலேயே களையெடுப்பு இன்றியமையாததாகிறது.

தமிழகச் சடங்குகளில் தருப்பை எனக் கொள்ளப்படும் புற்களுள் இதுவும் ஒன்று. அப்பெயர் வேறொரு புல்லினத்தையும் சுட்டுவதால், லாலாங்கும் தருப்பையும் முற்றிலும் ஒருபொருட் சொற்களாகா. எனினும், ஓரிடத்தில் புனிதமாகவும் மற்றோரிடத்தில் களையாகவும் கொள்ளப்படுவது ஒரே புல்லே என்பதை மாணாக்கர்க்கு உணர்த்துதல் வேண்டும் என்பது நம் கருத்து.