மாமியா ஆர்பி67: லென்ஸோடு வரும் ஷட்டர்

மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா என்றாலே பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஹாசல்பிளாட். விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடும். அடுத்து கண்ணில் படுவது மாமியா ஆர்பி67. (மாமியாதான், மாமியார் இல்லை. ஆனால் இரண்டரை கிலோவுக்கு மேல் கனம், அதனால் மரியாதை தானாக வந்துவிடும்.) 1970ல் ஜப்பானில் வந்த ஸ்டுடியோ கேமரா. டிஜிட்டல் வந்தபின் ஸ்டுடியோக்கள் கைகழுவிய பாடிகளும் லென்ஸ்களும் இன்னும் பழைய சந்தையில் சுற்றுகின்றன. பாடி கிடைத்துவிட்டது, கையில் கொஞ்சம்தான் காசு. எந்த லென்ஸ் வாங்குவது?

35 மிமீ எஸ்எல்ஆர் கேமராவில் ஷட்டர் பாடியில் இருக்கும். ஒன்று சரியாக ஓடினால் எல்லா லென்ஸுக்கும் கவலையில்லை. ஆர்பி67ல் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி ஷட்டர். மூன்று லென்ஸ் வாங்கினால் மூன்று பழைய இயந்திரங்களை வாங்குகிறோம். இதில் ஒரு லாபமும் உண்டு: 1/400 நொடி வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் போடலாம். அதனால் எது அதிக ஷார்ப் என்ற சண்டையை ஒதுக்கிவிட்டு, எதன் ஷட்டர் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்ப்பதே குறைந்த பட்ஜெட்டுக்கு ஏற்றது.

சோதிப்பது சுலபம். 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் உள்ள ஃபோன் போதும். லென்ஸை முன்னாலிருந்து வீடியோ எடுத்தபடி 1 நொடியில் க்ளிக் செய்யுங்கள். விற்பவர் வெளியூர் என்றால் அவரையே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஸ்எல்ஆர் என்பதால் ஷட்டர் முதலில் திறந்தே இருக்கும். அழுத்தியதும் மூடி, மறுபடி திறந்து மூடும். அந்த இரண்டாவது திறப்பைத்தான் எண்ண வேண்டும். 240 ஃபிரேம் வந்தால் கச்சிதம். 310 வந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம், நெகட்டிவ் ஃபிலிம் தாங்கும். 480 என்றால் முழு ஒரு ஸ்டாப், ஸ்லைடு ஃபிலிம் வெளிறிப்போகும். 1/8ல் 30 ஃபிரேம், 1/60ல் வெறும் 4. அதற்கு மேல் ஃபோனை நம்பாதீங்க, ஒரு ஃபிரேம் பிசகினாலே 25 சதவீதம் தப்பாகிவிடும். எண்ணெய்ப் பசை காய்ந்து இறுகிய ஷட்டர் பெரும்பாலும் மெதுவான வேகங்களில்தான் மாட்டிக்கொள்ளும், அதனால் இந்தச் சோதனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இன்னொரு விசேஷம், இந்த லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் கிடையாது. பாடியில் உள்ள பெல்லோஸ் 46 மிமீ வரை நீளும். 90 மிமீ லென்ஸைப் போட்டு முழுக்க நீட்டினால் பொருளின் அசல் அளவில் பாதி ஃபிலிமில் விழும். மேக்ரோ லென்ஸுக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் அப்போது வெளிச்சம் 1.5 × 1.5 = 2.25 மடங்கு குறையும், ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்டிக் கொடுக்கணும்.

சரி, எத்தனை மிமீ? 6×7ல் எண்ணைப் பாதியாக்கினால் 35 மிமீ கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 50ம் 65ம் வைட். 90 சாதாரணப் பார்வை. முகங்களுக்கு 127 அல்லது 180. ஊர் சுற்றி எடுப்பவர்கள் 90ஐ வாங்கிவிட்டு மேலே படிக்காமல் போகலாம்.

எனக்கு வேண்டியது முகங்கள். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக முடியாது, ஜன்னலோரம் உட்காரவைத்துத்தான் எடுக்க முடியும். எல்லோரும் போர்ட்ரெய்ட்டுக்கு 180 என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரை இடுப்பு வரை, சுமார் ஒரு மீட்டர் உயரம், 70 மிமீ ஃபிரேமில் அடக்க 180க்கு 2.75 மீட்டர் தள்ளி நிற்கணும். அதாவது 9 அடி. பத்தடி அறையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் தலையை எங்கே வைப்பது? 127க்கு ஆறரை அடிக்குள் முடிந்துவிடும். அப்பர்ச்சரும் 4.5க்குப் பதில் 3.8, அரை ஸ்டாப் வெளிச்சம் கூடுதல். ஜன்னல் வெளிச்சத்தில் அது சும்மா இல்லை.

பெயரோடு 'சி' என்ற எழுத்து இருந்தால் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று பொருள். வெளிச்சத்தை நோக்கி எடுப்பவர்களுக்கு அது வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுக்கும் எனக்கு, 'சி' இல்லாத பழைய 127ம் ஒரு ஹூடும் போதும். வாங்கும் முன் ஷட்டரைத் திறந்து வைத்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மிச்சப்படும் காசு ஃபிலிமுக்கு. ஒரு 120 ரோலில் பத்துப் படம்தான்.