வந்து வந்து போகும் கோளாறு
கியர் பெட்டியைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

கழக்கூட்டம் வழியே தேசிய நெடுஞ்சாலை 66-இல் வேன்களுக்குப் பஞ்சமில்லை. டெக்னோபார்க் ஊழியர்களை ஏற்றிச் செல்பவை, பைபாஸில் இறங்கி காரோடு வழியாக நாகர்கோவில் செல்பவை எனப் பலவகை. ஆட்டோமேட்டிக் கியரும் குரூஸ் கண்ட்ரோலும் கொண்ட வண்டிகளும் அவற்றுள் உண்டு.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் குறித்த வேகத்திலேயே வண்டியைச் செலுத்துவது குரூஸ் கண்ட்ரோல். 1950-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே கண் பார்வையை இழந்தவர்! 1958-இல் கிரைஸ்லர் கார்களில் இது வந்தது.

வண்டிக்கு வயதானால் ஒரு தொல்லை தலைகாட்டும். போய்க்கொண்டிருக்கும்போதே குரூஸ் விட்டுப்போகும். கியர் வழுக்குவதுபோல இன்ஜின் இரையும். சிறிது தூரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினாலோ வண்டி ஒழுங்காக ஓடும்! கடைசியில் பழி கியர் பெட்டியின் மீது விழுகிறது. வாடகை வேனை நம்பிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருமானம். அதை மாற்றிய பிறகும் கோளாறு திரும்பினால்?

இரண்டு நோய், ஒரே காரணம்

இரண்டு கோளாறும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போனால், இரண்டுக்கும் பொதுவான பாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக் மிதிக்கு மேலுள்ள சிறு சுவிட்ச் அப்படிப்பட்டது. அது தேய்ந்தோ இடம் நகர்ந்தோ போனால், காலை வைக்காமலே பிரேக் மிதித்ததாகச் செய்தி போகும். உடனே குரூஸ் விடுபடும். கியர் பெட்டியிலுள்ள டார்க் கன்வர்ட்டரின் பூட்டும் திறக்கும். வேகம் கூடாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் ஏறுவது இதனால்தான். பின்புற பிரேக் விளக்கு தானாக மினுக்குகிறதா என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது வேகத்தை அளக்கும் சென்சார். ஸ்பீடாமீட்டர் முள் துள்ளினாலோ பூஜ்யத்துக்கு விழுந்தாலோ அதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, வயர் இணைப்புகளும் எர்த் வயரும். கடற்காற்றும் இரண்டு பருவ மழையும் உள்ள இந்தப் பகுதியில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுவது சகஜம். வண்டி நிற்கும்போது வயரை மெல்ல அசைத்துப் பார்த்தால், ஒளிந்திருக்கும் கோளாறு வெளிப்படலாம்.

கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தாலோ, கறுத்துக் கருகிய வாடை அடித்தாலோ, அப்போது கியர் பெட்டியைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

பாட்டரியைக் கழற்றாதீர்

கோளாறு நேர்ந்ததைப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனர் வைத்து அதைப் படிக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றினால், அந்தக் குறிப்பு அழிந்து போகக்கூடும். டிரைவரும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நலம்: மழையா வெயிலா, இன்ஜின் சூடா, என்ன வேகம், மேடா பள்ளமா? நாலு முறை எழுதினால் ஒற்றுமை புலப்படும்.

காரணம் தெரியும்வரை குரூஸைத் தொடாமலிருப்பதே உத்தமம். பழுதான பிரேக் சுவிட்ச், உண்மையிலேயே பிரேக் போடும்போது விளக்கை எரியவிடாமலும் செய்யலாம். பின்னால் வரும் வண்டிக்கு அது ஆபத்து.