தார்வார் பாறை ‘நிலையானது’ என்றால் என்ன பொருள்?

செப்டம்பர் 30 நெருங்கினாலே கில்லாரி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். 1993இல் அன்று விடியுமுன் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை 6.2 அளவு நிலநடுக்கம் தாக்கியது. இறந்தவர்கள் 7,900 என்றும் 9,700 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. “தக்காணம் அசையாத பழம்பாறை என்றுதானே படித்தோம்?” என்று இந்த வாரமும் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த நாள் வருவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு வாசகர்களை அல்ல, வரைபடத்தைத்தான் குறைசொல்ல வேண்டும். அன்றைய அரசு நில அதிர்வு வரைபடம் கில்லாரியை அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. 2002 திருத்தத்தில் அந்த மண்டலத்தையே நீக்கிவிட்டார்கள். ஆகவே ‘நிலையான பகுதி’ என்று அரசு ஆவணம் சொன்னால், ‘நாம் பதிவுசெய்த குறுகிய காலத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை’ என்றே படியுங்கள்.

நிலவியலாளர் ‘கிரேட்டான்’ (கண்டத்தின் பழமையான உள்மையம்) என்னும்போது சொல்லும் நிலைத்தன்மை வேறு. கில்லாரிக்கு அடியிலும் நீளும் தார்வார் கிரேட்டானின் பாறைகள் 250 முதல் 340 கோடி ஆண்டு வயதானவை. பெங்களூரு லால்பாக் குன்றில் ஏறியவர்கள் அதன்மேல்தான் நின்றார்கள். வியப்பு அதன் அடியில் இருக்கிறது. கிரேட்டான்களுக்கு 150, 200 கிலோமீட்டர் ஆழத்துக்கு வேர் உண்டு. அந்த வேர் சுற்றிலும் உள்ள பாறையைவிடக் குளிர்ந்தது; குளிர்ந்த பாறை கனக்கும். கனத்தது கீழே அமிழ வேண்டும். இந்த வேர் மட்டும் ஏன் அமிழவில்லை?

செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் பிரிந்து புண்ணாக்கு மிஞ்சும். அப்படித்தான் இளம் பூமியின் கடும் வெப்பத்தில் ஆழத்துப் பாறை பாதி உருகி, உருகியது மேலே போனது. இரும்பையும் நீரையும் அது எடுத்துச் சென்றது. மிஞ்சிய பாறை இரும்பு குறைந்ததால் லேசானது, நீர் வற்றியதால் இறுகியது. குளிர் கூட்டிய கனத்தை இந்த லேசு ஈடுகட்டுகிறது. அமிழவும் இல்லை, மிதந்து பிரியவும் இல்லை. 1970களில் அமெரிக்க நிலநடுக்கவியலாளர் தாமஸ் ஜோர்டன் முன்வைத்த விளக்கம் இது. அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் கிடைக்கும் வைரங்கள் அப்படிப்பட்ட ஆழ வேரில் உருவானவையே.

ஆனால் இது வேருக்கான காப்பு; மேலோட்டுக்கு அல்ல. ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகரும் இந்தியா ஆசியாவை முட்டுகிறது. இறுகிய பாறை அந்த அழுத்தத்தை உள்நாடு வரை கடத்துகிறது. எங்கோ ஒரு பழைய விரிசல் பிளக்கிறது. கில்லாரியில் பிளந்தது மேலே உள்ள சில கிலோமீட்டர்கள் மட்டுமே.

மற்ற கேள்விகள்:

கிரேட்டான் அழியுமா? அழியும், வட சீனக் கிரேட்டான் டைனோசர்கள் காலத்தில் தன் வேரில் பெரும்பகுதியை இழந்தது.

அணை நீர் நிலநடுக்கத்தைத் தூண்டுமா? தூண்டும், மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையருகே 1967இல் நேர்ந்த நிலநடுக்கம் அதற்கு உலகறிந்த சான்று.

தார்வார் கிரேட்டான் தமிழ்நாட்டிலும் உண்டா? உண்டு, கிருஷ்ணகிரிப் பகுதி தார்வார் கிரேட்டானின் தென் ஓரம்.

அடுத்த நிலநடுக்கம் எப்போது? தேதி சொல்பவரை நம்பாதீர்கள்.

வீட்டுக்கு என்ன செய்வது? கில்லாரியில் உயிர்களைப் பறித்தவை மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள். மண்டல எண்ணைத் தேடுமுன் உங்கள் சுவரைப் பாருங்கள்.